கடைசிப் பட்டியல்

எனக்கு அப்போது வயது நாற்பத்தொன்பது. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். ஆனால் எழுபத்திரண்டாம் வருஷம் பெங்களூரிலிருந்து வந்த கம்ப்யூட்டர் பட்டியல், முனிரத்தினத்துக்கு, அதாவது எனக்கு, ஐம்பத்தொன்பது என்றது. ஐம்பத்தெட்டில் ரிட்டயர். என்னையும் இன்னும் மூன்று பேரையும் கேட்டிலேயே நிறுத்தி டோக்கனைப் பிடுங்கிக்கொண்டார்கள். டோக்கன் இல்லாமல் எவனும் சுரங்கத்துக்குள் இறங்க முடியாது. இருபத்தாறு வருஷ வேலை போச்சு.

டைம் ஆபீஸ் கிளார்க் ஆர்தரிடம் ஓடினேன்.

"பதறாதீங்க. தலைப்புல இன்னா போட்டுக்கீது பாருங்க, சோதனை ஒண்ணு. நம்ம சுரங்கக் குழி, இந்த ஒரு ஷாப்டுக்கு மட்டும் போட்டுப் பாக்கறாங்க. தப்பெல்லாம் சோதனை ரெண்டுல சரியாயிடும். அப்புறம்தான் எல்லா ஷாப்டுக்கும் கடைசிப் பட்டியல்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் சார், ஷிப்டுக்கு முன்னால ஆளை எறக்கற கேஜைக் காலியாத்தானே கீழ வுட்டுப் பாக்கறோம்? கயிறு தாங்குமான்னு ஆளை ஏத்தியா பாக்கறோம்? சோதனைன்னா என் டோக்கனை ஏன் புடுங்கினீங்க?"

"வாஸ்தவம்தான். என் கையில இன்னா கீது?" என்றார். நல்ல மனுஷன், அவரைத் திட்டி என்ன பயன்!

இரண்டு மாதம் வீட்டில் கிடந்தேன். சங்கு ஊதினால் எழுந்து சட்டையைத் தேடுவேன். பார்வதம்மா, என் பெண்டாட்டி, பார்த்தும் பாராதவள் மாதிரி அடுப்படிக்குப் போய்விடுவாள். அது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

சோதனை இரண்டு வந்தது. வயதுக் கணக்கைத் திருத்தியிருந்தார்கள். என் பெயரே இல்லை.

"ஆளுக்கு ஒரு ஓட்டை போட்ட அட்டை. வேலையில கீறவங்க அட்டையை மட்டும் மெஷின்ல போட்டாங்களாம்," என்றார் ஆர்தர். "உங்க அட்டை அப்பவே ரிட்டயர் பொட்டிக்குப் போயிடுச்சு."

"அப்போ ரிட்டயர் பட்டியல்ல கீறேனா?"

"இல்லியே. வயசு பத்தலைன்னு இந்தத் தடவ மெஷின் தள்ளிடுச்சு."

"அட கடவுளே, நான் எங்கதான் சார் கீறேன்?"

மனு கொடுக்கச் சொன்னார். மூன்று கொடுத்தேன். பெங்களூருக்கே ரயிலேறிப் போனேன். மெஷின் ரூம் வாட்ச்மேன் கண்ணாடிக் கதவைத் தாண்டி விடவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் கடைசிப் பட்டியல் வந்தது. ஆர்தர் எழுந்து நின்று நீட்டினார். "இனிமே திருத்தம் கெடையாதுன்னு ஆர்டர் வந்துகீது. ஒரு தப்புகூட இல்லியாம்."

விரல் வைத்துப் படித்தேன். என் கேங்கில் துளசிராமன், ராஜப்பா, எல்லார் பெயரும் சரி, வயதும் சரி. பாவி மெஷின், ஓர் எழுத்து பிசகவில்லை. என் டோக்கன் எண்ணுக்கு நேரே யாரோ ஏனோக் என்று ஒரு புது ஆளின் பெயர் இருந்தது. வயது இருபத்திரண்டு. அதுவும் சரியாகத்தான் இருக்கும்.