எகிறுகிற பட்டன்

காரில் பாட்டு நின்றுபோவதற்கு மருமகன்தான் காரணம் என்று கிழவர் முடிவு கட்டியிருந்தார். டிக்கியில் ஆம்ப்ளிஃபயரை மாட்டியவன் அவன். பேட்டரியிலிருந்து டிக்கி வரை சிவப்பு ஒயரை இழுத்தவன் அவன். பாட்டு நிற்கும்போதெல்லாம், "வண்டிக்கு வயசாயிடுச்சு மாமா, வித்துடலாம்" என்று வாய் திறப்பவனும் அவன். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

கிழவர் ஓட்டிப் பிழைக்கும் வாடகைக் கார் அது. அதுவும் போனால் மகள் வீட்டு மூலையில் முடங்கிக் கிடக்க வேண்டியதுதான். சவாரி அனுப்பும் ஆபீஸ்காரர் வேறு போனில் கறாராகச் சொல்லிவிட்டார், பாட்டு நிற்கிறதென்று பயணிகளிடமிருந்து இன்னொரு புகார் வந்தால் வேறு வண்டி பார்த்துக்கொள்வாராம்.

முதலில் ஃபியூஸ்தான் இருந்தது. அது எரிந்து எரிந்து போகவே, மருமகன் பேட்டரிக்குப் பக்கத்தில் பிரேக்கர் என்று ஒரு டப்பியை வைத்தான். கரண்ட் அளவு மீறினால் அதன் பட்டன் எகிறும், அமுக்கினால் பாட்டு திரும்ப வரும். கிழவருக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. ஃபியூஸை எரிக்கவாவது மெனக்கெட வேண்டும். பட்டனை விரலால் தட்டிவிட்டுப் போய்விடலாமே?

"இந்த டப்பாவத் தூக்கிட்டு நேரா ஒரு ஒயரப் போட்டா என்ன மாப்பிள்ள?"

"வண்டி எரியும் மாமா. ஒயர் எங்கயோ வண்டி பாடித் தகட்டுல பட்டு ஷார்ட் ஆகுது. எங்கன்னுதான் தெரியல."

"இழுத்தது நீங்க. உங்களுக்கே தெரியலயாக்கும்!"

"அப்பா, ஆரம்பிக்காதீங்க" என்றாள் மகள் உள்ளிருந்து.

கிழவர் தடித்த செம்புக் கம்பி ஒரு துண்டு வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கையும் களவுமாகப் பிடிக்க ஒரு முயற்சி. பிடிபடாவிட்டால் டப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு அங்கே கம்பி.

மறுநாள் காலை, பட்டன் எகிறிக் கிடந்த வண்டியில் சாவியைப் போட்டுப் பாட்டைத் திருகி வைத்துவிட்டு, பின் சீட்டில் முடங்கிப் படுத்துப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். மருமகன் வந்து பானெட்டைத் திறந்து பட்டனை அமுக்கினான். பாட்டு கிளம்பியது. பானெட்டை மூடாமலே வீட்டுக்குள் போய்விட்டான்.

கிழவர் காத்திருந்தார். வருவான், வராமல் எங்கே போவான்! ஒரு பாட்டு முடிந்து அடுத்ததும் பாதி ஓடிவிட்டது. பொறுக்கமாட்டாமல் எட்டிப் பார்க்க இடது காலைக் கீழே கால்மிதியில் ஊன்றினார்.

டக். பாட்டு நின்றது.

பானெட் அருகே ஈ காக்கை இல்லை. அடுப்படியிலிருந்து மருமகன் குரல் கேட்டது: "உங்கப்பா எங்க, ஆளையே காணோம்?"

"எங்கயாவது யாரையாவது முறைச்சுக்கிட்டு இருப்பாரு."

கிழவர் இறங்கிப்போய்ப் பட்டனை அமுக்கினார். பாட்டு வந்தது. திரும்பி வந்து கால்மிதியைக் கையால் அழுத்தினார். டக்.

அந்த மிதியை ஒருவரும் தூக்க முடியாது. எவனோ ஒரு பயணி முன்பு ஒரு மிதியைச் சுருட்டிக்கொண்டு போனதிலிருந்து, மூலைக்கு மூலை ஸ்க்ரூ போட்டு வண்டியின் தரைத் தகட்டோடு கிழவரே முடுக்கி வைத்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கழற்றிவிடுவார்களே!

ஒன்றைக் கழற்றிப் பார்த்தார். ஸ்க்ரூ முனை சிவப்பு ஒயருக்குள் இறங்கியிருந்தது. சுற்றிலும் விரிப்பு கருகியிருந்தது. அது மகள் எப்போதும் உட்காரும் பக்கம். சட்டைப்பையில் இருந்த செம்புக் கம்பி கனத்தது. அதை எடுத்துச் சாக்கடையில் வீசினார்.

"அங்க என்ன மாமா பண்றீங்க?"

கிழவர் ஸ்க்ரூவை அவன் கையில் வைத்தார். அவன் ஸ்க்ரூவைப் பார்த்தான், ஒயரைப் பார்த்தான், சீட்டில் கிடந்த போர்வையையும் பார்த்தான்.

"இத யாரு முடுக்குனது?"

"யாரு முடுக்குனா என்ன? ஒயர் இந்த வழியாப் போகுதுன்னு எங்கிட்ட சொன்னீங்களா?"

"நீங்க கேட்டீங்களா?"

கிழவர் குனிந்து மற்ற ஸ்க்ரூக்களையும் கழற்றத் தொடங்கினார்.

மருமகன் புது ஒயரைக் கதவோரமாக இழுத்து முடித்தபோது மகள் வாசலில் நின்றாள். "என்னங்க, விக்கணுமா?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. நல்லா ஓடும்" என்றான் அவன், ஸ்க்ரூவைப் பற்றி மூச்சு விடாமல்.

கிழவர் யாருக்கும் கொடுக்காத சாவியை அவனிடம் நீட்டினார். "ஒரு சுத்து நீங்க ஓட்டுங்க மாப்பிள்ள. நான் பின்னாடி உக்காந்து பாக்குறேன்."

தெருக்கோடி வரை இரண்டு காலாலும் மிதியை ஓங்கி ஓங்கி மிதித்துக்கொண்டே போனார். பாட்டு நிற்கவில்லை. அப்படியும் திரும்பும்போது இன்னொரு தடவை மிதித்துப் பார்த்தார்.