நெடிலால் வந்த ஓட்டம்

ஓடத் தொடங்கினால் தன் கைகள் இரண்டும் ஆளுக்கொரு திசையில் புறப்பட்டுவிடுகின்றன என்பது அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவியின் கவலை. ஒருமுறை அவ்வாறு ஓடியபோது பக்கத்து இருக்கைத் தோழி, "ஏய், காத்தாடி!" என்று கூவினாள்; வகுப்பில் அதுவே அவள் பெயராயிற்று. அன்றுமுதல் விளையாட்டு வேளையில் அவளுக்குக் கால் வலிக்கும். மணி அடித்ததும் தீர்ந்துவிடும்.

இந்நிலையில் உடற்பயிற்சி ஆசிரியர் எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்தார். 'ஓட்டம் என்றதும் உன் மனத்தில் எழுவது யாது? ஒரு சொல்லில் எழுதி வருக.'

வெட்கம் என்று எழுதவே அவளுக்கு வெட்கமாயிருந்தது. மாலையில் வீட்டில், "அண்ணா, வெட்கத்துக்குக் கொஞ்சம் கௌரவமா ஒரு சொல்லு சொல்லேன்."

கைப்பேசியிலிருந்து தலை நிமிராத தமையன், "வேட்கை" என்றான்.

"ரெண்டும் ஒண்ணுதானா?"

"குறிலை நெடிலாக்கினா கௌரவம் தானா வரும், போ."

மறுநாள் மைதானத்தில் ஆசிரியர் அத்தாளை உயர்த்திப் பிடித்தார். "இருபது வருஷமா எல்லாரும் பசி, வேர்வைன்னுதான் எழுதுறாங்க. இந்தப் பொண்ணு வேட்கைன்னு எழுதியிருக்கா! கால்வலியோட ஒதுங்கி நின்னவளுக்கு உள்ளுக்குள்ள எவ்வளவு தாகம் பாருங்க! இருநூறு மீட்டருக்கு உன் பேரைக் கொடுத்துட்டேம்மா. இப்பவே ஓடிக் காட்டு."

காற்றாடி கூட்டத்திலிருந்து விலகி வந்தாள். அவர் அருகே சென்று, "சார், அது வேட்கை இல்ல, வெட்கம். எங்கண்ணன் தப்பாச் சொல்லிட்டான்" என்று முணுமுணுத்தாள்.

"எதுக்கும்மா வெட்கம்?"

"எல்லாரும் பாப்பாங்க சார்."

தலைமையாசிரியையிடம் அவர் ஏற்கெனவே பெருமையடித்தாயிற்று. "அவ்வளவுதானே? எல்லாரும் சுவரைப் பாத்துத் திரும்புங்க!"

முப்பத்தாறு முதுகுகள் வரிசையாயின.

"சார், நீங்க?"

நிறுத்துக் கடிகாரத்தை அழுத்திவிட்டு ஆசிரியரும் திரும்பினார்.

அவள் ஓடினாள். கைகள் தம் விருப்பப்படி சென்றன, அவள் தடுக்கவில்லை. வளைவில் காதோரம் காற்று இரைந்தது. கோட்டைத் தாண்டி, மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"சார், எத்தனை செகண்டு?"

"நீ முடிச்சது எனக்கு எப்படிம்மா தெரியும்? இது இன்னும் ஓடிக்கிட்டிருக்கு."

"நீயாவது பாத்தியாடி?"

"சத்தியமா இல்லடி" என்றது தோழியின் முதுகு. "சுவத்துல இருக்கிற பல்லி வேணும்னா பாத்திருக்கும்."

"அந்த வளைவுல எப்படித் திரும்பினேன் தெரியுமா? ஒருத்தர்கூடவா பாக்கல!"

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தடதடவென்று நடந்து, தொடக்கக் கோட்டில் போய் நின்றாள்.

"எல்லாரும் திரும்புங்க!"

"எந்தப் பக்கம்டி?"

"என் பக்கம்!"