ஆற்றுப் புல் அறுத்தவள்

அச்வா ஆற்றை ஒட்டிய எள்ளுக் காட்டில் பகலில் யாரும் கால் வைப்பதில்லை. கரு ஈக்கள் மொய்த்துப் பிடுங்கிவிடும். அரிப்போடு போனால் பரவாயில்லை; வருஷக்கணக்கில் கடி வாங்கியவர்களுக்குக் கண்ணே போனது. லாமுனுவின் புருஷன் ஒர்யெமுக்கு அப்படித்தான் போயிற்று.

இந்தக் கண் நோய்க்கு வருஷாவருஷம் மாத்திரை கொடுக்க வரும் சுகாதார நிலையத்துக்காரர்கள் இந்த முறை இன்னொன்றும் சொன்னார்கள். பாறைகளுக்கிடையே தண்ணீர் சீறிப் பாயும் இடத்தில், நீரில் தொங்கும் புல்லிலும் கொடியிலும்தான் ஈயின் புழு ஒட்டிக்கொண்டு வளர்கிறது. அறுத்துக் கரையில் போட்டால் காய்ந்து செத்துவிடும்.

கள் குடித்துக்கொண்டிருந்த கொழுந்தன் ஒகிடி சிரித்தான். "புல்ல அறுத்தா ஈ ஒழியுமா அண்ணி? அப்போ என் தலைய மழிச்சா என் பொண்டாட்டி வாய் ஓயுமா?"

"மழிச்சுப் பாரு. உள்ளே ஒண்ணும் இல்லேன்னாவது ஊருக்குத் தெரியும்" என்றாள் லாமுனு.

மறுநாள் அரிவாளோடு கிளம்பினாள். நாலு பெண்கள் கூட வந்தார்கள். இடுப்பளவு தண்ணீர் ஆளை இழுத்தது. கழுத்தையும் காதையும் ஈக்கள் விடவில்லை. லாமுனு ஓர் இலையைத் திருப்பினாள். கம்பு மணியை ஒட்டவைத்தது போலப் புழுக்கள்.

"இதுங்க சிறகு முளைச்சு நம்ம பிள்ளைங்க மேல உக்கார்றதுக்குள்ள வெயில்ல போடுங்கடி!"

சில வாரங்களில் கடி குறைந்தது. புல் மறுபடி துளிர்த்தது. அவர்களும் மறுபடி இறங்கினார்கள். மழைக்காலம் முடிவதற்குள் ஊரே எள்ளுக் காட்டில் நின்று களை பறித்தது. ஒர்யெமும் மனைவியின் கையைப் பிடித்து வந்து வரப்பில் உட்கார்ந்தான். வெகுநேரம் காலை நீட்டியே வைத்திருந்தான்.

"ஒண்ணு கூடக் கடிக்கலையேடி!"

மேலாற்று ஊரிலிருந்து நாலு பேர் பார்க்க வந்தார்கள். ஒகிடி முந்திக்கொண்டான். "நாங்கதான் இறங்கி அறுத்தோம்."

"ஆமா, இவன் நாக்கால அறுத்தான்" என்றான் ஒர்யெம் வரப்பிலிருந்து. "ஆத்துல இறங்கினது என் பொண்டாட்டியும் அவ கூட்டாளிங்களும். கண்ணில்லாத எனக்கே தெரியுது, உனக்குத் தெரியலையாடா?"

களை பறித்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து சிரித்தார்கள். லாமுனு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். ஊர் நடுவில் அவன் இப்படி அவளைப் பற்றிப் பேசியதே இல்லை.

"எங்க ஊருக்கும் வந்து காட்டிக் குடுங்கம்மா" என்றார் வந்தவர்களில் பெரியவர்.

"வர்றோம். ஆனா உங்க ஆம்பளைங்களும் தண்ணில இறங்கணும்" என்றாள் லாமுனு. "எங்க ஊர்லேருந்து ஒகிடியும் இறங்குவாரு."

ஒகிடி தலையைச் சொறிந்தான். "எனக்கு நீச்சல் தெரியாதே அண்ணி."

"எனக்கு மட்டும் தெரியுமா?" என்றாள் அவள்.