தண்ணி, ஒரு தரம்

பஞ்சைத் தண்ணீரில் நனைத்துத் தம்பியின் உதட்டில் வைத்துக்கொண்டிருந்தபோது அக்காவின் இடுப்பில் செருகியிருந்த கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். 'தண்ணி, ஒரு தரம்' என்று வந்திருந்தது. அனுப்பியது தம்பி.

தம்பியோ அவள் கண்முன்னால்தான் கிடந்தான். கண்ணைத் தவிர வேறெதையும் அசைக்க முடியாத நரம்பு நோய். இப்போது மூச்சும் எண்ணி எண்ணித்தான் வந்துகொண்டிருந்தது.

"தராசு, இதப் பாருப்பா," என்று கைப்பேசியைக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நீட்டினாள்.

தராசு காய்கறிச் சந்தையில் எடை போடுகிறவன். தம்பியோடு முப்பது வருஷம் ஒரே கொட்டகையில் நின்றவன். கைப்பேசியைத் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்துப் படித்தான்.

"அக்கா, எவனோ லேப்டாப்பத் தொறந்துட்டான்."

நேற்று மத்தியானம் தொலைந்த லேப்டாப் அது. 'வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுங்க' என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கு வந்து நின்றதும் தம்பியின் தலையைத் தாங்க ஒரு ஆள் குறைந்தது. தோளில் மாட்டியிருந்த லேப்டாப் பை கைக்கு இடைஞ்சலாக இருக்கிறதே என்று, வெளியே நின்றிருந்த யாருடையதோ ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்துவிட்டு ஓடினாள். ஒரே நிமிஷம்தான். திரும்பி வந்து பார்த்தால் ஸ்கூட்டர் இருந்தது, பை இல்லை. நாற்பது வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்து ஒரு ஊசியைத் தொலைத்ததில்லை அவள். போயும் போயும் இதைத் தொலைத்தாள்.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டு, "கெடச்சா சொல்றோம்மா" என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதுமே கிடைக்காது என்று தெரிந்துவிட்டது.

சந்தையில் தம்பிக்கு வெண்கலம் என்று பேர். ஏலம் கூறுகிறவன். ஒலிபெருக்கி கொடுத்தால், "இது எதுக்கு எனக்கு, அது பேசறது என் காதுலயே விழாது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவான். விடியற்காலையில் அவன் 'ஒரு தரம்' என்றால் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். ஏலம் தொடங்கும் முன்பு முதல் லாரியில் வரும் நல்ல கட்டு ஒன்றை ஒவ்வொரு ஏலக்காரரும் வீட்டுக்கென்று காலடியில் எடுத்து வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். அதில் யாராவது கை வைத்தால் வெண்கலம் ஒரே ஒரு தடவைதான் சொல்வான்: "இது ஏலத்துக்கு இல்ல." பிறகு யாரும் கிட்டே போக மாட்டார்கள்.

வீட்டிலும் அதே தொண்டைதான். உப்பு கேட்டால் தெருவே உப்பு எடுத்து வரும். "மெதுவாப் பேசேன்டா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று சொல்லிச் சொல்லி அக்காவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் அவன் மெதுவாகப் பேச ஆரம்பித்தபோதுதான் நோய் என்றே கண்டுபிடித்தார்கள்.

நாக்கு முழுசாகக் குழறுவதற்கு முன்னால், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி அவன் குரலைப் பதிந்து லேப்டாப்பில் ஏற்றிவிட்டாள். திரையில் பன்னிரண்டு கட்டம். திரைக்குக் கீழே விரல் நீளத்துக்கு ஒரு கேமரா. எந்தக் கட்டத்தை அவன் கண் உற்றுப் பார்க்கிறதோ அந்தக் குரல் வரும். இயல்பாகப் பேசுங்கள் என்று அந்தப் பெண் எவ்வளவோ சொன்னாள். அவனுக்கு இயல்பு எது? "தண்ணி, ஒரு தரம்... தண்ணி, ரெண்டு தரம்... தண்ணி, மூணு தரம்" என்று ஒவ்வொன்றையும் ஏலம் கூறியே பதிந்து வைத்தான். தையல் மெஷின் சத்தத்தில் அக்காவுக்குக் கேட்காமல் போனால் என்ன செய்வது என்று, ஒவ்வொரு கூப்பாடும் அவள் கைப்பேசிக்கும் போகும்படி செய்திருந்தார்கள், கூப்பிட்ட இடத்தின் வரைபடத்தோடு. இரண்டு வருஷத்தில் அவள் ஒரு நாளும் மூணாம் தரத்துக்கு விட்டதில்லை. "மூணு தரம் ஆச்சுன்னா தண்ணிய வேற எவனாவது எடுத்துக்கிட்டுப் போயிடுவான்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து ஓடுவாள்.

கட்டங்களோடு நில்லாமல் எழுத்து எழுத்தாகவும் கண்ணாலேயே எழுதுவான். ஆஸ்பத்திரியில் இருந்த நான்கு நாளும் என்னவோ எழுதிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தாள். 'முடியட்டும். நானே படிச்சுக் காட்டுறேன். அதுக்குள்ள எட்டிப் பாக்காதே' என்று லேப்டாப் அதட்டியது. நேற்று ஸ்ட்ரெச்சர் வந்தபோதும் எழுதிக்கொண்டுதான் இருந்தான். "போதும்டா, மீதிய வீட்டுல எழுதிக்கலாம்" என்று மூடி எடுத்தது அவள்தான்.

அதுதான் அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. வெண்கலம் என்று பேர் எடுத்தவன் ஊமையாகச் சாகக் கூடாது. அவன் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். வேறெதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடைகள் வரிசையாக இருக்கும் சந்து. ஆட்டோவில் பத்து நிமிஷம். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றேகால்.

"நான் போய்ட்டு வரேன்க்கா," என்று தராசு எழுந்தான்.

"உனக்கு அதுல என்ன தெரியும்? மாவு மெஷினக் காட்டி இதுதான்னு குடுத்தாலும் வாங்கிட்டு வந்துடுவ." தம்பியின் முகத்துக்கு நேரே குனிந்தாள். "டேய், உன் லேப்டாப் கெடச்சுடுச்சு. நான் போய் எடுத்துட்டு வந்துடட்டுமா?"

கண்ணை மெல்ல மூடித் திறந்தால் ஆமாம். ஜன்னல் பக்கம் பார்த்தால் வேண்டாம். தம்பி ஜன்னலைப் பார்த்தான்.

"அரை மணி நேரம்தான்டா."

மறுபடியும் ஜன்னல்.

"காலைல நர்ஸ் சொல்லிட்டுப் போனாங்களேக்கா, இன்னிக்கு எங்கயும் போகாதீங்கன்னு," என்றான் தராசு, அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "அவன் எப்பவும் இப்படித்தான். எனக்கு எதுவும் வேணாம், எனக்கு எதுவும் வேணாம்பான். போன் பண்ணு தராசு. ஏதாவதுன்னா உடனே பண்ணு."

ஆட்டோவில் உட்கார்ந்ததும் கைப்பேசி அதிர்ந்தது. 'திருப்பிப் போடு, ஒரு தரம்.' சிக்னலில் நின்றபோது, 'திருப்பிப் போடு, ரெண்டு தரம்.' யாரோ முகம் தெரியாதவன் விளையாடுகிறான் என்று புத்திக்குத் தெரிந்தது. கைகால் கேட்க வேண்டுமே. சீட்டின் நுனிக்கு வந்துவிட்டாள். "கொஞ்சம் வேகமாப் போங்களேன்," என்றாள். ஆட்டோக்காரர் சிவப்பு விளக்கைக் கையால் காட்டினார்.

சந்து வாயில் இறங்கினாள். வரைபடத்தின் புள்ளி ஏழெட்டுக் கடைகளைச் சேர்த்து மூடிக்கொண்டிருந்தது. எல்லாமே கம்ப்யூட்டர், கைப்பேசி பழுது பார்க்கும் கடைகள். எல்லா மேசையிலும் வாயைப் பிளந்த லேப்டாப்கள். எந்தக் கடைக்குள் நுழைந்து என்னவென்று கேட்பது? திருட்டுச் சாமான் இருக்கிறதா என்று கேட்டால் எவன் ஆமாம் என்பான்? தப்பான கடையில் வாயைத் திறந்தால் சரியான கடை உஷாராகிவிடும். நடுச்சந்தில் நின்றாள்.

அப்போது கேட்டது.

"கால்ல போர்வை, ஒரு தரம்."

சந்து முழுக்கக் கேட்டது. தேநீர் குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இடது கை வரிசையில் மூன்றாவது கடை. மெதுவாகப் பேசு, மெதுவாகப் பேசு என்று ஆயுசு முழுக்க அவனைத் திட்டியவள், அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"இது என் தம்பியோடது."

அவர் நிமிர்ந்தார். "காலைல கொண்டாந்து வித்தவரும் தம்பியோடதுன்னுதாம்மா சொன்னார்."

"வாசல்லேர்ந்து எவனோ தூக்கிட்டுப் போனது. போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்கேன்."

"எல்லாரும் சொல்லலாம்மா. நான் எப்படி நம்பறது? எதத் தொட்டாலும் கத்துது. வாங்கற ஆளு மிரண்டுடுவான். எல்லாத்தையும் அழிச்சுடலாம்னு இப்பத்தான் உக்காந்தேன்."

அழிச்சுடலாம் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "மேல் வரிசையில கடைசிக் கட்டத்த அமுக்குங்க. 'பேன் போடு'ம்பான். ரெண்டு தடவ அமுக்குனா ரெண்டு தரம்பான். அதுக்குக் கீழ இருக்கறத அமுக்குனா 'மூக்கு அரிக்குது'ம்பான். அதச் சொல்லும்போது அவனுக்கே சிரிப்பு வந்துடும், அதுவும் அதுல இருக்கும்."

அவர் அமுக்கினார். "மூக்கு அரிக்குது, ஒரு தரம்" என்றது வெண்கலம். பின்னாலேயே ஒரு சிரிப்பு.

கடைக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "எங்க இருக்கார் இவரு?"

"வீட்டுல. இன்னிக்குத் தாண்டாதுன்னு சொல்லியிருக்காங்க."

அவர் மின்வயரைச் சுருட்டினார். லேப்டாப்பைத் தூக்கி அவள் பக்கம் வைத்தபோதுதான் அவள் கவனித்தாள்.

"கேமரா எங்க? கீழ ஒட்டியிருக்குமே, விரல் மாதிரி."

"அதுவா? என்னன்னு தெரியாம கழட்டி..." சுற்றுமுற்றும் பார்த்தார். மூலையில் இருந்த அட்டைப் பெட்டியில் பார்வை நின்றது. பெட்டி நிறைய வயர், பழைய சார்ஜர், உடைந்த விசைப்பலகை. அவர் அதைத் தரையில் கொட்டினார். இரண்டு பேரும் முட்டி போட்டுத் தேடினார்கள்.

கைப்பேசி அடித்தது. தராசு. "அக்கா, மூச்சு வேற மாதிரி இருக்கு. வந்துடுங்க."

"ரெண்டு நிமிஷம்ப்பா." கேமரா இல்லாமல் கொண்டுபோய் என்ன பயன்? கண் பேச வேண்டுமே. சிக்கிக் கிடந்த வயர்களைப் பிய்த்தாள். சிக்கலான நூலைப் பிய்க்கக் கூடாது என்று தையல் கடையில் எத்தனை பேரை அதட்டியிருப்பாள்.

மறுபடியும் அடித்தது. "அக்கா, ஜன்னலையே பாத்துக்கிட்டிருக்கான். எங்க இருக்கீங்க?"

ரெண்டு தரம் ஆகிவிட்டது. அந்த எண்ணம் வந்ததும் கையிலிருந்த வயரைப் போட்டுவிட்டு எழுந்தாள். லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தவளை, "இந்தாங்க, இந்தாங்கம்மா," என்று கடைக்காரர் ஓடி வந்து பிடித்தார். கேமரா அவர் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது. திட்டக்கூட அவளுக்கு நேரமில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது மூச்சு இருந்தது. இரண்டு மூச்சுக்கு நடுவே ஒரு ஆள் எழுந்து போய்த் திரும்பி வந்துவிடலாம் போல இடைவெளி. கட்டிலின் குறுக்குப் பலகையில் லேப்டாப்பை வைத்தாள். அவசரத்தில் கேமரா இரண்டு தடவை கழன்று விழுந்தது. மூன்றாவது தடவை ஒட்டிக்கொண்டது. திரை வெளிச்சம் தம்பியின் கன்னத்தில் விழுந்தது.

"டேய், கொண்டாந்துட்டேன். மீதிய எழுது. பாரு."

திரையில் எழுத்துகள் வந்தன: 'கண்களைக் காணவில்லை. நேராகப் பார்க்கவும்.'

தம்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரையை அந்தப் பக்கம் திருப்பினாள். அவன் கண் திரைக்கு மேலே தாண்டி ஜன்னலுக்கே போனது. 'கண்களைக் காணவில்லை' என்று அது மறுபடியும் சொன்னது.

"வேணாமா?"

கண்ணை மூடித் திறந்தான். அது ஆமாம்.

"எழுதி முடிக்க வேணாமாடா?"

மூடித் திறந்தான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலையிலிருந்து அவன் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். அவள்தான் கேட்கவில்லை. லேப்டாப்பை மூடித் தராசின் கையில் கொடுத்தாள். செருப்பை அப்போதுதான் கழற்றினாள். கட்டிலில் ஏறி, அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். தம்பியின் கண் ஜன்னலை விட்டு அவள் முகத்துக்கு வந்தது. பிறகு வேறெங்கும் போகவில்லை. மூன்று மணி சுமாருக்கு ஒரு மூச்சு வெளியே போனது. அடுத்ததற்காக அவளும் தராசும் காத்திருந்தார்கள். நெடுநேரம் காத்திருந்தார்கள்.

சாயங்காலம் சந்தை ஆட்கள் வந்து கூடம் நிறைந்தது. ஆளுக்கொரு பேச்சு, எல்லாமே தாழ்ந்த குரலில். அவனைச் சுற்றி இத்தனை பேர் மெதுவாகப் பேசி அவள் பார்த்ததில்லை.

"படிச்சுப் பாக்கலாமாக்கா?" என்று தராசு லேப்டாப்போடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் தலையாட்டினாள். அவன் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, மெல்லிய குரலில் படித்தான்.

"'கட்டில் ஒண்ணு. தலைமாடு தூக்கும், கால்மாடு தூக்கும், தூக்கம் மட்டும் வராது. ஆஸ்பத்திரிக்கே போகட்டும். சக்கர நாற்காலி ஒண்ணு. இடது சக்கரம் கத்தும், என்னை மாதிரி. எதிர் வீட்டுப் பெரியவருக்கு. செருப்பு ஒரு ஜோடி. ரெண்டு வருஷமாத் தேயல. தராசுக்கு. அளவு பத்தாது, தெரியும், எடுத்துக்கோ.'" அங்கே நிறுத்தித் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "'அடுத்தது அக்கா ஒண்ணு. நல்லாத் தைப்பா. அதவிட நல்லாத் திட்டுவா. இது ஏலத்துக்கு'..."

அவன் நிறுத்திவிட்டான்.

"படி."

"அதோட நிக்குதுக்கா."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சந்தைக்காரர்கள். அது எப்படி முடியும் என்று எல்லாருக்கும் தெரியும். மிச்சம் இருந்தது ஒரே ஒரு வார்த்தை, ஸ்ட்ரெச்சர் இரண்டு நிமிஷம் தாமதமாக வந்திருந்தால் போதும்.

லேப்டாப்பை மூடப்போன தராசின் தடித்த விரல் எங்கேயோ பட்டது.

"கால்ல போர்வை, ஒரு தரம்."

கூடமே தூக்கிவாரிப்போட்டுத் திரும்பியது. வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அக்காவின் இடுப்பில் கைப்பேசி அதிர்ந்தது.

அவள் எழுந்தாள். வழியில் இருந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், வெளியே தெரிந்த இரண்டு பாதங்களையும் மூடி, போர்வையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினாள்.