கெப்டன் பழக்கிய பிள்ளை

தரம் ஒன்றுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கிற பெற்றோருக்குப் பாடசாலையில் வைத்த முதல் கூட்டம் ஒன்பது மணிக்கு. அன்ரோ எட்டரைக்கே போய், மனைவி சுலக்ஷனாவை முன்வரிசைக் கதிரையில் இருத்தி, பக்கத்தில் தானும் இருந்தான். அவர்களுக்கு முன்னே வந்திருந்தவர் மைக் பூட்டுகிறவர் மட்டும்தான்.

அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. பாசிக்குடாவில் ஒரு பெரிய ஹோட்டலின் சாப்பாட்டு மண்டபத்தில் பதினொரு வருஷம் நின்றவன். வெயிட்டராகச் சேர்ந்து, இப்போது வெயிட்டர்களுக்கெல்லாம் மேலே கெப்டன். கெப்டன் என்றால் கப்பல் ஒன்றும் கிடையாது. கறுப்பு வெயிஸ்கோட் ஒன்று உண்டு, புதிதாக வேலைக்கு வருகிறவர்களைப் பழக்குகிற பொறுப்பு உண்டு. விருந்தினர் வருமுன் எல்லாம் தயாராக இருக்கவேண்டும் என்பதில் அவனை யாரும் அசைக்க முடியாது. கிழமையில் ஐந்து நாள் அங்கேயே தங்கல். மிச்ச இரண்டு நாளும் தன்னாமுனையில், வீட்டில்.

அதிபர் ஒரு மணித்தியாலம் பேசினார். பேச்சில் ஒழுக்கம் இருந்தது, டெங்கு இருந்தது, மழைக்கு ஒழுகுகிற கூரை இருந்தது. தரம் ஒன்று மட்டும் இருக்கவில்லை. பிறகு வகுப்பாசிரியை வதனி ரீச்சர் எழும்பினா.

"தை மாசம் துவங்கினதும் முதல் ரெண்டு கிழமையும் நாங்க படிப்பிக்கமாட்டம். புள்ளைகள் விளையாடுவாங்க, நாங்க பார்த்துக்கொண்டிருப்பம். எந்தப் புள்ள எப்பிடி எண்டு அறியிறதுக்குத்தான். இது சோதனை இல்ல. புள்ளி இல்ல. தயவுசெய்து வீட்டில ஒண்டையும் பழக்கிப்போட்டு அனுப்பாதீங்க."

மண்டபத்தில் இருந்த எண்பது பேரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். எண்பது பேருக்கும் அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது, இது சோதனைதான் என்று. சோதனை இல்லாத ஒன்றை ஒரு ரீச்சர் எதற்காக இவ்வளவு அழுத்தி இல்லை என்று சொல்லவேண்டும்?

அடுத்த வரிசையில், நேர் பின்னால் இருந்த யோகராசா அன்ரோவின் தோளைத் தட்டினார். மூத்த மகளை ஏற்கெனவே இதே பாடசாலையில் சேர்த்தவர், இப்போது இளைய மகனோடு வந்திருந்தார். ஆகவே விஷயம் தெரிந்தவர்.

"தம்பி, நம்பிப்போடாதீங்க. போனமுறையும் இப்பிடித்தான் சொன்னவங்க. உள்ளுக்க புள்ளி போடுவாங்க. கூட எடுத்த புள்ளைகள் ஏ வகுப்பு. அஞ்சாம் ஆண்டு புலமைப்பரிசில் சோதனை பாஸ் பண்ணவைக்கிற ரீச்சர்மார் எல்லாம் அங்கதான்."

"உங்கட மூத்தவ எதில?"

"பி." யோகராசா பெருமூச்சு விட்டார். "அப்ப எங்களுக்கு இது தெரியாமப் போயிற்று."

என்னென்ன விளையாட்டு வரும் என்று அவர் வாட்சப்பில் ஒரு பட்டியலே வைத்திருந்தார். மணி கோத்தல், ஒற்றைக் காலில் நிற்றல், தண்ணீர் ஊற்றுதல், விதைகளை வகைபிரித்தல். கூட்டம் முடியுமுன் அது முன்வரிசை முழுவதும் பரவிவிட்டது.

"அவ பழக்கவேணாம் எண்டுதானே சொன்னவ?" வரும் வழியில் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து சுலக்ஷனா கேட்டாள்.

"சொல்லுவா. நாளைக்கு நம்மட மகள் ஜொவிட்டா பி வகுப்பில இருந்தா அவவுக்கு என்ன?"

ஏ வகுப்பில் அவனுக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று சுலக்ஷனாவுக்குத் தெரியும். போன ஆவணியில் கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் ஹோட்டலுக்கு வந்திருந்தது. அவர்களுடைய மகளுக்கு ஜொவிட்டாவின் வயது. கால் நிலத்தில் முட்டாத கதிரையில் இருந்துகொண்டு, "அங்கிள், எனக்கு மீன் வேணாம். நூடில்ஸ்தான் வேணும்" என்று அந்தப் பிள்ளை சொல்லியிருக்கிறது. அன்ரோ குனிந்து எழுதிக்கொண்டான். அன்றைக்குப் பிடித்தது இந்த ஆசை. தன் மகளும் ஒருநாள் அப்படி ஒரு மேசையில் இருக்கவேண்டும், மேசைக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது. மனைவியிடம் ஒருமுறை சொன்னதோடு வேறு ஒருவரிடமும் அவன் அதைச் சொன்னதில்லை. அந்த மேசைக்குப் போகிற முதல் படி ஏ வகுப்புத்தான் என்று இப்போது யோகராசா சொல்லிவிட்டார். பிறகென்ன?

பயிற்சி அன்று பின்னேரமே தொடங்கியது. மணி கோப்பதற்குக் கைப்பேசியில் நேரம் பிடித்தான். முதல் நாள் மூன்று நிமிஷம். நத்தார்ப் பண்டிகை கழிய ஒரு நிமிஷம் இருபது செக்கன். ஒற்றைக் காலில் நாற்பது வரை எண்ணும்வரை நின்றாள். தண்ணீர் ஊற்றுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கெப்டனுக்கே உரிய பாடம் அது. கைபிடி வைத்த தண்ணீர் யக்கிலிருந்து கிளாசுக்கு ஊற்றி, ஒரு சொட்டுச் சிந்தாமல் கையை மெல்லத் திருப்பி எடுக்கிற வித்தையை ஆறு வயதுப் பிள்ளை பத்து நாளில் பிடித்துக்கொண்டாள். அவன் பாசிக்குடாவில் நிற்கும் நாட்களில், காலைச் சாப்பாட்டுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இடையில் வீடியோவில் வகுப்பு நடந்தது. சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த கைப்பேசிக்குள் இருந்து கெப்டன் கட்டளையிட்டான்.

பட்டியலில் இல்லாத ஒன்றையும் சேர்த்துப் பழக்கினான். நல்ல பழக்கத்துக்கும் புள்ளி இருக்கும் என்று அவனுக்கு ஒரு கணக்கு.

"உள்ள போனதும் அவசரப்படக்கூடாது, என்ன? கை ரெண்டும் பின்னுக்கு. சிரிச்ச முகம். முதல்ல மற்றவங்களப் பாக்கணும். ஆருக்கு என்ன வேணும் எண்டு முகத்திலயே தெரியும். அவங்க கேக்க முந்திக் குடுக்கணும்."

"இஞ்சாருங்க," சுலக்ஷனா குசினிக்குள் இருந்து குரல் கொடுத்தாள், "புள்ளய நாம பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறமா, ஹோட்டலுக்கு அனுப்புறமா?"

ஜொவிட்டாவுக்கு ஏ வகுப்பும் தெரியாது, பி வகுப்பும் தெரியாது. வீட்டுக்கு வந்தால் நித்திரையாகக் கிடக்கிற அப்பா, இப்போது முழங்காலில் இருந்து தன்னோடு விளையாடுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அந்த விளையாட்டை விட அவளுக்கு மனமில்லை. அப்பா கைதட்டுவார் என்றால் நாற்பது என்ன, நானூறு எண்ணும்வரையும் நின்றிருப்பாள்.

தை பிறந்தது. விளையாட்டு நாள் வந்தது. மழை விட்டிருந்தாலும் பாடசாலை முற்றம் சேறாகக் கிடந்தது. "பெற்றோர் எல்லாரும் வீட்ட போகலாம்" என்று வதனி ரீச்சர் சிரித்த முகத்தோடு சொன்னா. பெற்றோர் எல்லோரும் படலை வரைக்கும் மரியாதையாகப் போனார்கள். பிறகு கட்டிடத்தின் பின்பக்கத்தால் சுற்றி வந்து ஜன்னல்களில் ஒட்டிக்கொண்டார்கள். ஒரு தாய் ஜன்னல் கம்பிக்குள் வாயை வைத்து "சிவப்பு, சிவப்பு" என்று ஓதினாள். யோகராசா தன் மகனுக்குக் காட்டுவதற்காக வெளியே தானே ஒற்றைக் காலில் நின்றார். பத்து எண்ணுமுன் சேற்றில் சறுக்கினார்.

உள்ளே மணிகள் இருந்தன, மரக்கட்டைகள் இருந்தன, களிமண் இருந்தது. ஒரு மூலையில் அகன்ற பிளாஸ்ரிக் பேசினில் தண்ணீரும் கோப்பைகளும். "விருப்பமானத எடுத்து விளையாடுங்க" என்று ரீச்சர் சொன்னதும் பிள்ளைகள் பாய்ந்தார்கள்.

ஜொவிட்டா பாயவில்லை. கை இரண்டையும் பின்னுக்குக் கட்டி, சிரித்த முகத்தோடு சுவரோரம் நின்றாள். ஒரு பிள்ளையின் மணி உருண்டது. ஓடிப்போய்ப் பொறுக்கிக் கொடுத்தாள். இன்னொன்று அழுதது. கோப்பையில் தண்ணீர் எடுத்து, சிந்தாமல் கொண்டுபோய் நீட்டினாள். களிமண் போதாதவனுக்குக் களிமண். கட்டை எட்டாதவளுக்குக் கட்டை.

"ஆரிட புள்ள அது? என்ன பழக்கம், என்ன பழக்கம்!" என்றாள் பக்கத்தில் நின்ற ஒரு தாய்.

"என்ட" என்றான் அன்ரோ. அவனுக்கு நெஞ்சு நிரம்பிவிட்டது. ஏ வகுப்பு என்ன, அதற்கு மேலே ஒரு வகுப்பு இருந்தால் அதற்கும் போவாள்.

இருபது நிமிஷம் போனது. எல்லாப் பிள்ளைகளும் நிலத்தில் இருந்து விளையாடினார்கள். ஜொவிட்டா ஒருத்தி மட்டும் இன்னும் நின்றாள். மூலையில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை தலையை நிமிர்த்தாமலே ஒரு விரலை உயர்த்தி அசைத்தது. ஜொவிட்டா ஓடினாள்.

அன்ரோவின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அந்த விரலை அவனுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு நூறு முறை அதைப் பார்க்கிறவன் அவன். தன் தொழிலில் அவனுக்கு வெட்கம் ஒருநாளும் இருந்ததில்லை. சம்பளத்துக்கு நிற்கிறான், வேலை முடிந்தால் காலை நீட்டி இருக்கிறான், யாருக்கும் தாழ்ந்தவனில்லை. ஆனால் இந்தப் பிள்ளை எதற்கு நிற்கிறது? மேசையில் இருத்த வேண்டுமென்று ஆசைப்பட்ட பிள்ளையை அவனே அல்லவா நிற்கப் பழக்கியிருக்கிறான். வெட்கம் இப்போதுதான் வந்தது, காது சுடுகிற வெட்கம்.

வதனி ரீச்சர் ஜொவிட்டாவுக்கு முன்னால் குந்தினா.

"ஏன் மகள், நீங்க விளையாடல்லையா?"

"எல்லாருக்கும் குடுத்து முடியல்ல, ரீச்சர்."

"சரி. இப்ப உங்களுக்கு என்ன வேணும்?"

ஜொவிட்டா விழித்தாள். மற்றவர்களுக்கு என்ன வேண்டும் என்று முகத்தில் பார்க்கலாம். தன் முகத்தை எங்கே பார்ப்பது? இந்தக் கேள்விக்கு அப்பா விடை பழக்கவில்லை. அவள் மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்பி, அவனைத் தேடிப் பிடித்து, கண்ணாலேயே கேட்டாள்.

"மணியக் காட்டுங்க தம்பி, மணி!" யோகராசா அவன் விலாவில் இடித்தார்.

ஒரு நிமிஷம் இருபது செக்கன். அன்ரோவின் கை பாதிவரை உயர்ந்தது. பிறகு அவன் அந்தக் கையை இறக்கிக்கொண்டு, ஜன்னலுக்குக் கீழே சேற்றுக்குள் குந்திவிட்டான்.

"ஐயோ, மனிசன் மயங்கிற்று! சோடா ஒண்டு கொண்டாங்க!" என்று ஒரு தாய் கத்தினாள்.

பக்கத்தில் நின்ற சுலக்ஷனா பதறிக் குனிந்தாள். "என்ன செய்யிது உங்களுக்கு?"

"எனக்கு ஒண்டுமில்ல. நீயும் அவளுக்கு ஒண்டும் காட்டாத. என்ன செய்யிறாள் எண்டு மட்டும் சொல்லு."

சுலக்ஷனா அவனை ஒருகணம் பார்த்தாள். என்ன நடந்தது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. நிமிர்ந்து உள்ளே பார்த்தாள். "உங்களத் தேடுறாள்."

அவன் பாதி எழும்பினான். "ஒழும்பட்டா?"

"இருங்க."

"இப்ப?"

"நிக்கிறாள். உதட்டப் பிதுக்கிறாள்."

"அழப்போறாளா? சுலா, நான் ஒழும்புறன்."

"இருங்க எண்டன்." அவள் கை அவன் தோளை அமர்த்தியது. "தண்ணிப் பக்கம் பாக்கிறாள். போறாள்."

"ஊத்துறாளா?"

"எங்க ஊத்துற? ரெண்டு கையாலயும் அடிக்கிறாள். பக்கத்தில இருக்கிற புள்ளைகளெல்லாம் நனைஞ்சிற்று. ரீச்சர்ட சாறியும் நனைஞ்சிற்று." சுலக்ஷனாவின் குரலில் சிரிப்பு ஏறியது. "ஐயோ, இருந்திட்டாள். பேசினுக்குள்ளயே இருந்திட்டாள்!"

உள்ளேயிருந்து கூச்சல் கேட்டது. அதற்குள் ஒரு குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. இப்படி ஒரு சத்தம் தன் மகளுக்கு உண்டு என்று அன்ரோ இதுவரை அறிந்திருக்கவில்லை. மேலே யோகராசா, "ஏ வகுப்பு சரி, போயிற்று" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார். அன்ரோவுக்குச் சிரிப்பு வந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"சுலா, இஞ்ச திரும்பிப் பாக்கிறாளா?"

அவள் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துப் பார்த்தாள்.

"இல்ல."

"ஒருக்காவும்?"

"ஒருக்காவும் இல்ல."

அதைக் கேட்பதற்காகத்தான் அவன் சேற்றில் குந்தினான். கேட்டதும் இப்படி நோகும் என்று அந்த முதல் கூட்டத்தில் ஒருவரும் சொல்லவில்லை.