தொட்டியில் புதைத்த முடி

வருடத்தை நான் தவறாகச் சொல்லலாம். நடந்தவற்றின் வரிசையும் மாறியிருக்கலாம். கீழக்கரையில் மாஷிதாவின் மகள் சுஹா, மாடித் தொட்டியில் நின்ற எலுமிச்சை மரத்தோடு சேர்ந்து மஞ்சளானாள் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. பிறந்த ஏழாம் நாள் அகீகா சடங்கில் மழித்த முடியை மண்ணில் புதைப்பது வழக்கம். அந்த வீட்டில் வாசல்வரை சிமெண்ட் பூசியிருந்ததால், மாஷிதா அதைத் தொட்டியில் புதைத்தாள். மரம் அதைத் தின்றது.

ஒன்றரை வயதில் சுஹாவின் நகங்கள் மஞ்சளாயின. ராமநாதபுரத்து டாக்டர் காமாலை இல்லை என்றார். அதே வாரம் மரத்திலும் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலைகள் வெளுத்திருந்தன. போர்வெல் தண்ணீரின் உப்பு என்று நினைத்து மாஷிதா லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றினாள். ஒன்பதாம் நாள் இருவரும் தெளிந்தார்கள். அதன்பின் வீட்டில் முதல் சாப்பாடு மரத்துக்குத்தான். மீன் கழுவிய தண்ணீர், புளித்த கடலைப் புண்ணாக்குக் கரைசல், மாதம் ஒரு பிடி மக்கிய ஆட்டுப் புழுக்கை. பிடி சற்றுக் கூடினால் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. சவூதியில், தம்மாமிலிருந்து போனில் பேசும் கணவன் ஆதில் முதலில் மரத்தைத்தான் விசாரிப்பான்.

ஆறு வயதில் சுஹா வளர்வது நின்றது. இரண்டு பெருநாளுக்கு ஒரே செருப்பு. முதுகுளத்தூரிலிருந்து செடி விற்க வரும் முனியசாமி தொட்டியின் அடித்துளையில் விரலை விட்டுப் பார்த்தார். வேர் தன்னையே சுற்றி நெரிக்கிறது, மூன்றில் ஒரு பங்கை வெட்டிப் பெரிய தொட்டிக்கு மாற்றாவிட்டால் மரம் பட்டுவிடும் என்றார். மாஷிதா நான்கு மாதம் வெட்ட விடவில்லை. பிள்ளைக்கு மூச்சு இரைக்கத் தொடங்கிய பிறகே அவரை வரச் சொன்னாள்.

“எந்த வேருல எம்புள்ள இருக்குன்னு தெரியுமாண்ணே?”

“தெரிஞ்சா நான் எதுக்குத் தாயி வெயில்ல செடி விக்கிறேன்? நீயே வெட்டு. புள்ள உசுரு, நான் தொடமாட்டேன்.”

அவள் வெட்டினாள். பக்கத்தில் பாயில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்த சுஹா அழவில்லை. புது மண்ணில் தண்ணீர் இறங்கியதும் இரைப்பு அடங்கியது. சாயங்காலத்துக்குள் குதிகால் செருப்புக்கு வெளியே நின்றது. அப்போது சுஹா, “மாஷிதா, பசிக்குது” என்றாள். காலைவரை கூப்பிட்ட உம்மா என்ற சொல் இப்போது அவளிடம் இல்லை. மறுபடி சொல்லிக்கொடுத்தார்கள், நாக்கில் தங்கவில்லை.

முனியசாமி இப்போது செடி விற்பதோடு சரி, வேரைத் தொடுவதில்லை. சுஹா ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். மரம் நன்றாகக் காய்க்கிறது. இந்தப் பெருநாளுக்கும் அவளுக்குப் போன வருடச் செருப்பே போதுமாக இருந்ததால், மாஷிதா அன்று வேரை வெட்டிய கத்தரியைச் சாணை பிடித்து வைத்திருக்கிறாள். ஊர் திரும்பிவிட்ட ஆதில், வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் மகளிடம் வாப்பா என்று கூப்பிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.