ஈரக் கழிவு

உள்ளே போகும்போது ஐம்பத்து நாலு கிலோ. நாலு மணி நேரம் மெஷினில் கிடந்து எழுந்த பின் அதே தராசில் ஐம்பத்திரண்டு. மொக்கையன் இறங்காமல் நின்று குனிந்து முள்ளைப் பார்த்தார். இறங்கி, ஏறி மறுபடி பார்த்தார்.

கீழமாசி வீதி வத்தல் மண்டியில் இருபத்தாறு வருடம் மூட்டை எடை போட்டவர் அவர். தராசு எப்படியெல்லாம் பொய் சொல்லும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துவிட்டன, இனி வாரம் இரண்டு நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் சொன்னதை அவர் நம்பினார். ஆனால் குழாய் வழியே போன ரத்தம் அவ்வளவும் திரும்பி வந்ததா? அதை அளந்தது யார்?

மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பேச்சிமுத்து பொறுமையாகத்தான் சொன்னான். "ஒங்களுக்கு ஒண்ணுக்குப் போறதில்லைலண்ணே? குடிச்சது பூராம் ஒடம்புக்குள்ளயே நிக்கும். அதத்தான் எடுத்தோம். வெறும் தண்ணிண்ணே."

மொக்கையனுக்குச் சிரிப்பு வந்தது. முதலாளி கண்ணைக் காட்டினால் வத்தல் கொண்டுவரும் சம்சாரிகளிடம் அவரும் இதையேதான் சொல்லுவார். வத்தல் ஈரம், வெறும் தண்ணி என்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழிப்பார். சருகாய்க் காய்ந்த வத்தலுக்கும் அதே இரண்டு கிலோதான்.

ஆனையூருக்குத் திரும்பும் பஸ்ஸில் மனைவியின் காதோடு சொன்னார். "ரெண்டு கிலோ ரத்தத்த வித்துப்புட்டாய்ங்கடி."

சின்னத்தாய் பயந்துபோனாள். ஆனாலும், இன்றைக்குத்தான் இளைப்பில்லாமல் பஸ் ஏறினீர்கள் என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். தராசு பிடித்தது நானா நீயா என்று அவர் சீறினார்.

ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். போன எடையைத் திரும்பப் பிடிக்கச் சொம்பு சொம்பாகக் குடித்தார். வெள்ளிக்கிழமை அவருடைய முறை. போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கால் வீங்கியது. திங்கட்கிழமை படுத்தால் மூச்சு முட்டியது. செவ்வாய் காலை சின்னத்தாய் அவரைக் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தாள்.

பேச்சிமுத்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இருப்பது ஒரே மெஷின். ஒரு முறை வராததற்கு அவர் பெயரை அடித்துவிட்டார்கள். மறுநாளே சிபாரிசுக் கடிதத்தோடு ஒரு ரைஸ்மில் முதலாளி அந்த இடத்துக்கு வந்துவிட்டாராம். பெரிய டாக்டர் ஊரிலிருந்து வந்தால்தான் ஏதாவது செய்ய முடியும். அவர் வர வியாழக்கிழமை ஆகும்.

இதிலும் ஏதோ சூது என்றுதான் மொக்கையன் நினைத்தார். சின்னத்தாய் கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தாள். வெள்ளை ஜிப்பாவின் கையைச் சுருட்டிவிட்டு, அந்த மில் முதலாளி மெஷினில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் திரும்பிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரத்தம் திருடுற எடம்னா, கடுதாசி வாங்கிட்டு வந்தா அவுக படுப்பாக?"

மொக்கையன் இரண்டு கையையும் பெஞ்சில் ஊன்றி, வாயைத் திறந்து மூச்சை இழுத்தார். அன்றைக்குப் போனது வெறும் தண்ணீர்தான் என்று அவருக்கு இப்போது விளங்கியது, பயமாக இருந்தது.

மில் முதலாளியின் டிரைவர் காப்பி பிளாஸ்க்கோடு வந்தார். நடைபாதை குறுகல். காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளச் சொன்னார்.

மொக்கையன் மடக்கப் பார்த்தார். வீங்கிய கால் மடங்கவில்லை.